மஞ்சள் கெண்டியும் பேரனின் டர்போ வண்டியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் தெருவே விழித்துக்கொண்டது. மாதா கோயில் மணி அடிப்பதற்கு முன்பே ஒரு காரின் சத்தம். சென்னையிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். கூடவே அவன் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்ற நேர்த்தி. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

வண்டி அவன் புதிதாக வாங்கிய பழைய வண்டி. பெட்ரோல் டர்போ, 78,000 கிலோமீட்டர் ஓடியது. காபி குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"தாத்தா, ஸ்டேஜ் டூ பண்ணலாம்னு இருக்கேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும். உங்க டெபாசிட் முதிர்வாகுதுன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு வருஷத்துல திருப்பித் தந்துடறேன்."

ஸ்டேஜ் டூ என்றால் என்ன என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதுவார்களாம். டர்போ இன்னும் அதிக அழுத்தத்தில் காற்றை ஊதும். உள்ளே வரும் காற்றுக்குப் பெரிய குழாய், வெளியே போகும் புகைக்கும் பெரிய குழாய். குதிரைத் திறன் முப்பது நாற்பது சதவீதம் கூடும்.

"நாளைக்குச் சொல்றேன்பா" என்றேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு எந்தக் கோப்பிலும் முதல் நாளே கையெழுத்துப் போட வராது.

வாழ்நாளில் ஒரு ஸ்கூட்டருக்கு மேல் வைத்திராத எனக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் உறவில் ஒருவர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பிள்ளைகள் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டியில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகள் இருக்கும். பிரெஞ்சு மறந்துவிடக் கூடாதே என்று ஒரு வரி விடாமல் படிப்பேன். 1977 முதல் 1983 வரை அந்தப் பத்திரிகைகள் ஓயாமல் பேசியது டர்போ பற்றித்தான். அன்று இரவு அதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் பேரனிடம் சொன்னது அதைத்தான்.

டர்போ என்பது இன்றைய சமாச்சாரம் இல்லை. ஆல்ஃபிரெட் ப்யூகி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் சூட்டுப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம். வீணாகப் போகும் புகையிலிருந்தே கூடுதல் பலம் கிடைக்கிறது. முதல் உலகப் போரின்போது ஓகுஸ்த் ராத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை விமான என்ஜின்களில் பொருத்திப் பார்த்தார். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறதல்லவா, அதை ஈடுகட்டத்தான். பிறகு கப்பல்களின் டீசல் என்ஜின்களுக்கு வந்தது.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு பக்கம் பெட்ரோல் புகையின் 900 டிகிரி சூடு, மறு பக்கம் வெளிக்காற்று. பெரும்பாலான டர்போக்களில் அந்த அச்சு உருளும் குண்டுகள் மேல்கூட உட்கார்ந்திருக்காது. முடிக்கற்றையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டிருக்கும். எண்ணெய் அழுக்கானாலும் குறைந்தாலும் சில நொடிகளில் உலோகம் உலோகத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

சாதாரண மக்கள் வாங்கும் காரில் டர்போ வந்தது 1962இல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் அவற்றில் ஒன்று. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்து பிஸ்டனைச் சம்மட்டி போல் அடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். இதைத் தடுக்க அந்தக் காரில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்கு ஒரு தனித் தொட்டி வைத்தார்கள். அதை அவ்வப்போது நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாங்கியவர்கள் நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானதும் பாதுகாப்புக்காக வண்டி தானே பலத்தைக் குறைத்துக்கொண்டது. வண்டி இழுக்கவில்லை என்று புகார். பலர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக்கொண்டார்கள். 1963க்குப் பிறகு அந்த மாடல் இல்லை. தொட்டியை நிரப்பும் பொறுமை மட்டும் வாங்கியவர்களிடம் இருந்திருந்தால் அதன் கதை வேறாக இருந்திருக்கும்.

இனி என் பத்திரிகைகளின் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் 'ரெனால்ட்' என்று சொல்கிற கம்பெனியை பிரெஞ்சில் 'ரெனோ' என்பார்கள். எங்கள் பள்ளியில் 'ரெனால்ட்' என்று வாசித்திருந்தால் பெஞ்சு மேல் நிற்க வேண்டியிருந்திருக்கும். அன்றைய ஃபார்முலா ஒன் விதிப்படி சாதாரண என்ஜின் 3 லிட்டர் இருக்கலாம். காற்றை அமுக்கி ஊதினால் 1.5 லிட்டர்தான். பாதி என்ஜினை வைத்துக்கொண்டு யார் ஜெயிக்க முடியும் என்று எல்லோரும் அந்த விதியைச் சீண்டாமல் விட்டிருந்தார்கள். ரெனோ துணிந்தது. 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் மஞ்சள் நிற வண்டி இறங்கியது. ஓட்டியவர் ழான் பியேர் ழபூய். பாதிப் பந்தயம்கூட முடியவில்லை, டர்போ போய்விட்டது. அந்த வருடம் ஓடிய ஒரு பந்தயத்தையும் அந்த வண்டி முடிக்கவில்லை. புகை கக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று பெயர் வைத்தார்கள்.

ரெனோ அப்போது என்ன செய்தது என்பதுதான் என் பேரனுக்கு நான் சொல்ல விரும்பியது. அழுத்தத்தை இன்னும் ஏற்றிக்கொண்டே போகவில்லை. காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாட்டை மாற்றினார்கள். ஒரே பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டர்போக்களை வைத்தார்கள். 1979 ஜூலை 1ஆம் தேதி, பிரான்சின் திழோன் நகரத்தில், அதே ழபூய் அதே மஞ்சள் நிறத்தில் முதல் வெற்றியைப் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போ வண்டி ஜெயித்தது அதுவே முதல் முறை. கெண்டி என்று கேலி செய்தவர்களும் சில வருடங்களில் டர்போவுக்கு மாறிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் 1978இல் லெ மான் என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பந்தயம் இருபத்துநாலு மணி நேரம். ரெனோ பல வண்டிகளை இறக்கியது. ழபூய் ஓட்டியதில் சற்றுப் பெரிய என்ஜின், பலம் அதிகம். முன்னணியில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜின் பழுதாகி நின்றது. பிரோனி, ழொசோ என்ற இருவர் ஓட்டிய வண்டியில் சிறிய என்ஜின். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அது ஜெயித்தது. ஒரே கம்பெனி, ஒரே பந்தயம். பலம் குறைந்த வண்டிதான் வீடு வந்து சேர்ந்தது.

பாடம் கற்றவர்களும் மறுபடி சறுக்குவதுண்டு. 1983 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் கடைசிப் பந்தயம். ரெனோவின் அலென் ப்ரோஸ்த் புள்ளிகளில் முன்னால் இருந்தார். அன்று அவருடைய டர்போ பழுதானது, வண்டியை விட்டு இறங்கிவிட்டார். நெல்சன் பிக்கே 59 புள்ளி, ப்ரோஸ்த் 57. இரண்டே புள்ளியில் உலகப் பட்டம் போனது. டர்போவை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்த ரெனோ, அந்த டர்போ காலம் முழுவதும் ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. அடுத்த சில வருடங்களில், கட்டத்தில் முன்னிடம் பிடிக்கும் தகுதிச் சுற்றுக்கென்றே ஆயிரம் குதிரைத் திறனுக்கு மேல் தரும் என்ஜின்களைச் சிலர் கட்டினார்கள். அவை சில சுற்றுகள்தான் தாங்கும். ஓடி முடித்ததும் கழற்றி எறிந்துவிட்டு வேறு என்ஜின் மாட்டுவார்கள். 1988க்குப் பிறகு டர்போவுக்கே தடை வந்தது. 2014இல்தான் திரும்பி வந்தது.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை தாத்தா" என்றான் பேரன். சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம் என்றேன்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. எண்ணெய் டிரம்மும் வைக்கோல் கட்டும்தான் எல்லைக்கோடு. நான் ஒரு முறை போயிருக்கிறேன். ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடருமாக, ஊரில் டாக்ஸியாக ஓடும் அதே வண்டிகள் அங்கே சிங்கம் போல் உறுமின. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தை ஏற்றியிருப்பார்கள், இரட்டைக் கார்புரேட்டர் போட்டிருப்பார்கள். கடைசிவரை ஓடி முடித்த வண்டிகளைவிட பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நின்ற வண்டிகளே எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. 1990இல் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டன.

கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக வேண்டும் என்று ஒற்றை இருக்கை வண்டி ஒன்றை வடிவமைத்தார். எங்கிருந்தோ விலை உயர்ந்த என்ஜினைத் தருவித்திருக்கலாம். அவர் எடுத்தது மாருதி 800இன் 796 சிசி என்ஜின். எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டக் கற்றவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கார்த்திகேயனுக்கு ஃபார்முலா ஒன்னில் கிடைத்த புள்ளிகள் மொத்தம் ஐந்து. அவை கிடைத்த கதையைக் கேளுங்கள். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். வேகமான ஒரு வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. பந்தயம் தொடங்கும் நேரத்தில் அந்த டயர் போட்ட 14 வண்டிகளும் ஒதுங்கிக்கொண்டன. மீதி ஓடியவை ஆறே வண்டிகள். கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். உலகத்தின் மிகச் சிறந்த என்ஜின்கள் அன்று கொட்டகைக்குள் சும்மா நின்றன. காரணம், தரையைத் தொடும் நாலு ரப்பர் வளையங்கள்.

இந்த இடத்தில் என் வாதத்தை நிறுத்திவிட்டு, "சர்வீஸ் பில்லெல்லாம் காட்டு" என்றேன். கருவூலத்துக்குப் பில் அனுப்பிப் பழகியவன், வவுச்சர் இல்லாமல் எதையும் பாஸ் பண்ண மாட்டேன். பேரன் போனில் காட்டினான். சத்தம் பெரிதாகக் கேட்கும் சைலன்சருக்குப் பில் இருந்தது. அலாய் வீலுக்கு இருந்தது. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. முந்தைய உரிமையாளர் வாயால் சொன்னதுதான்.

வாசலுக்குப் போய் வண்டியைக் கிளப்பச் சொன்னேன். முதல் நிமிடம் நீலப் புகை வந்து நின்றது. நிறுத்தி, சற்று ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கை இழுத்தான். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிறம் தார். பேரன் முகம் மாறியது. வரும்போது பின் இருக்கையில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டு வந்ததை நினைத்திருப்பான் போல. நானும் அதைத்தான் நினைத்தேன், சொல்லவில்லை.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் என்ஜினைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். படகு டீசலில் டர்போ பார்த்துப் பார்த்துக் கை பழகியவர். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ அச்சை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தது. எண்ணெய் வரும் மெல்லிய குழாயில் கரி கட்டியிருந்தது.

"எண்ணெய், தண்ணி, காத்து. மூணும் சுத்தமா இருந்தா டர்போ லேசுல சாவாது தம்பி" என்றார். "இதுமேல நீங்க இன்னும் பூஸ்ட் ஏத்தியிருந்தா பாதி வழியில ரெக்கை முறிஞ்சு உள்ள போயிருக்கும்."

அன்று மாலை நானும் பேரனும் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் வரிசை எழுதினோம். இதே யோசனையில் இருக்கும் இளைஞர்களுக்கு உதவட்டும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் இருப்பதைச் சரியாக்க வேண்டும். டர்போவைப் புதுப்பித்து, எண்ணெய்க் குழாயை மாற்றி, கம்பெனி சொன்ன தரத்தில் சிந்தெடிக் ஆயில் ஊற்ற வேண்டும். கம்பெனி பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால், விரட்டி ஓட்டுகிறவர் ஐயாயிரத்திலேயே மாற்றுவது நல்லது. கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஸ்பார்க் பிளக், காற்று ஃபில்டர் எல்லாம் இதே கணக்கில் சேரும். நம் டெல்டாவில் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலைதான் களம். பதரும் வைக்கோல் தூசியும் ஃபில்டரையும் இன்டர்கூலரையும் அடைத்துவிடும். சாலையில் பரப்பிய வைக்கோல் வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டால் சூடான குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. மாதம் ஒரு முறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இரண்டாவது, நிறுத்துவது. டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, குளிர்விப்பது. நல்ல இன்டர்கூலர் பலத்தைவிட முதலில் நாக்கிங்கிலிருந்து பாதுகாப்பைத் தருகிறது. காற்றுக் குழாயைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக வைக்கும் மாடல் வேண்டவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் நம் சாலைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். என்ஜின் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

நான்காவதாகத்தான் கம்ப்யூட்டர் கணக்கு. அதுவும் கடைசி அளவு வரை ஏற்றாமல், நாம் எங்கும் வாங்கக்கூடிய பெட்ரோலுக்கு ஏற்ப எழுதியது. சென்னையில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பிக் கணக்கை எழுதிவிட்டு வேதாரண்யம் பக்கம் சாதாரணப் பெட்ரோல் ஊற்றினால் ஜெட்ஃபயர் தொட்டிக் கதைதான். பலம் கூடினால் கிளட்ச் வழுக்கும், அந்தச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, குமாஸ்தாவாக ஒரு குறிப்பு எழுதினேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். எதையும் தொடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்சிலும் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்மொழி உத்தரவு கோப்பில் நிற்காது.

பணம் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன், கேட்டதில் பாதி. அது முழுவதும் முதல் இரண்டு வரிசைக்கே சரியாகப் போனது. பேரனின் மனைவியை என் வீட்டுக்காரி துணையோடு நாகையில் சென்னை ரயில் ஏற்றிவிட்டோம். பேரன் நாலு நாள் விடுப்பு போட்டுத் தங்கி, மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தான். முதல் நாள் சலிப்பு, மூன்றாம் நாள் அவனே ஸ்பேனர் பிடித்தான்.

கிளம்பும் நாள் காலை கிளப்பினான். புகை இல்லை. உடனே பறக்காமல் எண்ணெய் சூடேறும்வரை மெதுவாகவே தெருவைத் தாண்டினான். ஸ்டேஜ் டூ ஆசை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இருபத்தொன்பது வயது, போகவும் வேண்டாம். "தாத்தா, அடுத்த வருஷம் இன்டர்கூலர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கணக்கு நோட்டின் முதல் பக்கம். தேதி, கிலோமீட்டர், ஆயில் அளவு, கீழே அவன் கையெழுத்து. மேலட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு தேநீர்க் கெண்டி வரைந்திருந்தான்.